எழுபத்துநான்கு என்றாள் மகள்

எங்கள் வீட்டில் நான்கு பேர். அதில் இரண்டு பேருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. ஒருவன் நான். இன்னொருவன் என் மகள் வயிற்றுப் பேரன்.

என் விஷயத்தை அறுபத்தேழு வருஷம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். எட்டு வயதில் பள்ளிக்கூடத்தில் தேசப்படத்துக்கு வண்ணம் தீட்டி, கடலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தப்பாகத் தீட்டியதாக வாத்தியாரிடம் அடி வாங்கிய நாளிலிருந்து கணக்கு. என் மனைவிக்குக்கூடத் தெரியாது. அவள் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. இப்போது எழுதுவதற்குக் காரணம், சொல்லாமல் இருந்ததன் பலனைப் பார்த்துவிட்டேன் என்பதுதான்.

பேரன் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துக்கொண்டே, ராணுவத்தின் சேமப்படை அதிகாரிக்கான பயிற்சியிலும் இருந்தான். சனி ஞாயிறில் அணிவகுப்பு, வருஷத்துக்கு ஒரு முறை காட்டில் முகாம். மூன்று வருஷம் தாக்குப்பிடித்தால் தோளில் ஒரு நட்சத்திரம் வைப்பார்கள். அந்த நட்சத்திரமும் கையில் பட்டமும் இருந்தால் முழுநேர அதிகாரியாக விண்ணப்பிக்கலாம். அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான். வேறு எதையும் அவன் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. அதற்குக் குறுக்கே நின்றது, வண்ணப் புள்ளிகளுக்குள் எண்களை ஒளித்து அச்சிட்ட ஒரு சின்னப் புத்தகம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதும் கிராணியாக முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன் நான். மலைச்சரிவில் ஒரு தகரக் கொட்டகை, அதில் தராசு, மேசை, பேரேடு. ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. ஒவ்வொரு கும்பலின் சாக்கிலும் ஒரு நிறத்தில் துணி கட்டியிருக்கும். எந்தக் கும்பல் எது என்று கிராணி பார்த்தவுடன் தெரிந்துகொள்வதற்காக அந்த ஏற்பாடு. நான் அந்தத் துணியை ஒருநாளும் நம்பியதில்லை. மலையில் எந்த நிரையில் நின்று கொழுந்து எடுக்கிறார்களோ, அதே வரிசையில்தான் தராசுக்கும் வருவார்கள். ஒன்றாம் நிரைக்காரி முதலில், கடைசி நிரைக்காரி கடைசியில். நடுவில் ஒருத்தி நுழைந்தால் மற்றவர்களே முழங்கையால் தள்ளிவிடுவார்கள். அந்த வரிசை இருக்கும்வரை எனக்குக் கண் தேவைப்படவில்லை. எண்ணத் தெரிந்தால் போதும்.

ஒன்பதாம் வருஷம் துரை என்னை ஆலைக்கு மாற்றினார். பதவி உயர்வு மாதிரிதான். ஆலையில், அரைத்த இலையைப் பரப்பி வைப்பார்கள். அது பச்சை மாறிச் செம்பு நிறத்துக்கு வரும். வந்த நேரம் பார்த்து அடுப்புக்கு அனுப்ப வேண்டும். எனக்கு அது முதல் நிமிஷத்திலும் கடைசி நிமிஷத்திலும் ஒரே ஈரமண்தான். கடிகாரத்தைப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தேன். வெயில் நாளில் சரியாக வந்தது. மழை பிடித்த வாரத்தில் கடிகாரம் காலை வாரிவிட்டது. பதினேழாம் நாள் நான் பார்த்த இலை முழுவதும் கெட்டது. ஆலைத் தூசி நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி, துரை முன்னால் இரண்டு தடவை இருமியும் காட்டி, கொட்டகைக்கே திரும்பிவிட்டேன். பள்ளியில் ஐந்தாம் படிவம் தேறிய ஆளுக்குச் சுகம் தெரியவில்லை என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

ஓய்வுக்குப் பிறகு மகள் வீட்டுக்கு வந்தேன். மருமகன் மலைமேல் கோலா தெர்லா என்ற ஊரில் காய்கறி பயிரிடுகிறார். பேரனுக்கு ஏழு வயதிருக்கும்போது ஒரு சாயங்காலம், பொதி கட்டும் கொட்டகையில் தக்காளி பிரிக்க உட்கார வைத்தார்கள். பழுத்தது ஒரு பெட்டி, காய் ஒரு பெட்டி. அவன் நாற்பத்திரண்டு தக்காளி பிரித்தான். அதில் பத்தொன்பது தப்பு. எனக்கு எப்படித் தெரியும் என்றால், மருமகன் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் எறிந்துகொண்டே போனார், நான் எண்ணினேன்.

“கண்ணு என்ன பொடனிலயா இருக்கு? மாடுகூட பழம் எது காய் எதுன்னு மோந்து பாத்துச் சொல்லும்லா!” என்று அவன் முதுகில் ஒன்று வைத்தார்.

“வெளிச்சம் பத்தலை, விடுங்க” என்றேன் நான்.

வெளிச்சம் இருந்தது. பையன் ஒவ்வொரு தக்காளியையும் பெருவிரலால் அமுக்கிப் பார்த்துப் பெட்டியில் போட்டதை நான் கவனித்திருந்தேன். நானும் அப்படித்தான் வாங்குவேன். அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அதன் பிறகு பதினான்கு வருஷம் வாயைத் திறக்கவில்லை. அவனைச் சின்னப் பையனாகக் கேலிக்கு ஆளாக்க வேண்டாம் என்று நினைத்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். அவனுடையதைச் சொன்னால் என்னுடையதும் வெளியே வந்துவிடும்.

அவனுக்குப் பத்து வயதில் கம்போங் ராஜாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தோம். ராணுவ லாரிகள் பதினொன்று கிளந்தான் பக்கம் போக வந்து, முன்னால் ஏதோ மண் சரிந்திருந்ததால் வரிசையாக நின்றுவிட்டன. முதல் வண்டியிலிருந்து ஒரு இளைஞர் இறங்கினார். நம்மவர். தோளில் ஒரே ஒரு நட்சத்திரம். அப்பா வயதுள்ள மலாய்க்கார சார்ஜன் ஒருவர் அவர் முன்னால் வந்து விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார். இளைஞர் மெதுவான குரலில் ஏதோ சொன்னார். பத்து நிமிஷத்தில் லாரிகள் ஓரம் கட்டி, காய்கறி வண்டிகள் போக வழி கிடைத்தது. பிறகு அவர் கடைக்குள் வந்து, “அண்ணே, ஒரு தே ஓ” என்று பால் சேர்க்காத தேநீர் கேட்டார். கடைக்காரர் திகைத்துப்போய்ப் பால் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் அதையே குடித்துவிட்டுப் போனார்.

பேரன் அன்று சாப்பிடவில்லை. அதன் பிறகு யார் எப்போது கேட்டாலும், நீ என்னவாகப் போகிறாய் என்பதற்கு அவனிடம் ஒரே பதில்தான் இருந்தது.

பல்கலைக்கழகத்தில் முதல் வருஷமே பயிற்சிக்குப் பெயர் கொடுத்தான். ஓட வைத்தார்கள், தொங்க வைத்தார்கள், உயரம் எடை மார்பு அளந்தார்கள். கண் சோதனைக்கு முதல் நாள் இரவு எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் அவன் போன் செய்தபோது மகளிடமிருந்து பிடுங்கிப் பேசினேன்.

“கண்ணு?”

“கண்ணு ஓகேலா தாத்தா.”

“என்னா காட்டுனாங்க?”

“தூரத்துல எழுத்து. அப்புறம் புள்ளிப் படம் ஒண்ணு. பன்னெண்டுன்னேன். சரின்னு அனுப்பிட்டாங்க.”

எனக்கு மூச்சு வந்தது. ஒருவேளை அவனுக்கு இல்லையோ, தக்காளி விஷயத்தில் நிஜமாகவே வெளிச்சம்தான் போதவில்லையோ என்றுகூட நம்பத் தொடங்கினேன். அந்தப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாருக்கும் தெரியும்படி போட்ட பக்கம் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. எழுபது எண்பது பேர் வெளியே காத்திருந்த அவசரத்தில் அன்றைக்கு யாரும் இரண்டாம் பக்கத்தைத் திருப்பவில்லை.

இரண்டு வருஷம் நன்றாகப் போனது. அவன் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் முடி இன்னும் ஒட்ட வெட்டியிருக்கும், கழுத்து இன்னும் கறுத்திருக்கும். விடியற்காலையில் எழுந்து, படுத்த பாயைக்கூட மடிப்புக் கலையாமல் மடித்து வைப்பான்.

“அங்கயும் பெரட்டுக்கு நிக்கணுமாடா? நாலு தலைமுறையா பெரட்டுல நின்னது பத்தலையா நமக்கு?” என்பாள் மகள். காலையில் வேலைக்கு ஆள் எண்ணுவதைத்தான் தோட்டத்தில் அப்படிச் சொல்வோம்.

“இதுல நான் நிக்கிறவன் இல்லமா. நிக்க வைக்கிறவன்.”

“பெரிய துரை! மொதல்ல அந்தக் கோழியப் புடிச்சு கூண்டுல நிக்க வை, பாப்போம்.”

அவன் நிஜமாகவே போய்க் கோழிக்கு மலாயில் உத்தரவு போடுவான். மருமகன்கூடச் சிரிப்பார். நானும் சிரித்தேன். ஆனால் ஒவ்வொரு முறை அவன் பஸ் ஏறிய பிறகும், பயிற்சி முடிவில் வரும் அடுத்த சோதனைக்கு இன்னும் எத்தனை மாதம் என்று எண்ணுவேன்.

மூன்றாம் வருஷம் கடிதம் வந்தது. நியமன அணிவகுப்புக்கு முன்னால் எல்லாருக்கும் ராணுவ மருத்துவமனையில் முழுச் சோதனை. பேரன் அப்போது பருவ விடுமுறையில் வீட்டில் இருந்தான். மதியம் நான் சட்டை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல் மகளைக் கூப்பிட்டு, “இது அந்த வேட்டிக்குச் சரியா இருக்கா?” என்று கேட்டேன். அவள் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனாள். அவன் வாசல்படியில் உட்கார்ந்து பூட்சுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தவன், தலை நிமிராமல் கேட்டான்.

“தாத்தா, உங்களுக்கும் அப்படித்தானே?”

“எப்படி?”

“வேட்டி வெள்ளைதானே. வெள்ளைக்கு எது சேராது? ஒவ்வொரு தடவையும் ஏன் கேக்குறீங்க?”

நான் வேட்டியின் மடிப்பைச் சரிசெய்தேன். அவனே தொடர்ந்தான்.

“எனக்கு ரெண்டாம் படிவத்துல தெரிஞ்சுபோச்சு. சயின்ஸ் லேப்ல தாள் கலர் மாறுச்சுன்னு எல்லாரும் கத்துறானுங்க. நானும் சேந்து கத்துனேன்.”

ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒரே பொய்யை இரண்டு மூலையில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறோம். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டியது: போய் உள்ளதைச் சொல், கேட்டுப் பார். அந்த வாக்கியம் எனக்குத் தோன்றவே இல்லை. ஆலையில் துரையிடம் உள்ளதைச் சொல்ல எனக்குத் தோன்றாதது போலத்தான்.

அவனிடம் ஒரு திட்டம் இருந்தது. அந்தப் புத்தகத்தின் பக்கங்களைக் கைப்பேசியில் தேடி எடுத்து, தானா ராத்தாவில் ஒரு கடையில் வண்ணத்தில் அச்சடித்து வந்திருந்தான். இருபத்துநான்கு தாள். எந்தப் பக்கத்தில் எந்த எண் என்று மனப்பாடம் செய்துவிடுவது.

“வரிசை மாறாதா?” என்று கேட்டேன்.

“புத்தகம் தைச்சது தாத்தா. எப்படி மாறும்?”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இருபத்துநான்கு என்ன, நூற்றெண்பது பேரை வரிசையாக நினைவில் வைத்து முப்பத்தொரு வருஷம் பிழைத்தவன் நான். “அப்ப போதும்” என்றேன். “வரிசை இருந்தா போதும்.”

விடைகளும் கைப்பேசியில் கிடைத்தன. ஆனால் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தன. சரிபார்க்க ஒரு கண் வேண்டும். எங்கள் இருவரிடமும் அது இல்லை. தாள்களைச் சமையலறை மேசையில் பரப்பி, மகளைக் கூப்பிட்டோம். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“இதுல என்னா நம்பர் இருக்குமா?”

“எதுக்குடா?”

“சும்மா சொல்லு.”

“எட்டு.”

அவன் எழுதிக்கொண்டான். எனக்கு அது மூன்று. இப்படி எட்டாவது தாள்வரை போனது. ஒன்பதாவது தாளில் ஆசை அடக்க முடியாமல் நானே முந்திக்கொண்டேன்.

“இருவத்தொண்ணு” என்றேன்.

“இருவத்தொண்ணேதான்” என்றான் பேரன்.

“எழுவத்திநாலு” என்றாள் மகள்.

“ரெண்டுக்கு ஒண்ணு. நீ தோத்தமா!” என்று அவன் மேசையில் தட்டிச் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. “இம்மாம் பெருசா எழுவத்திநாலுன்னு கெடக்கு. ரெண்டு பேரும் சேந்து என்னைக் கிறுக்கி ஆக்குறீங்களா?” என்றவள், அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கையில் இன்னும் மீன் செதில் ஒட்டியிருந்தது.

“எத்தனை நாளாப்பா?” என்றாள். என்னைத்தான் கேட்டாள்.

“எனக்குப் பொறந்ததுல இருந்து. அவனுக்கும் அப்படித்தான்.”

“அவனுக்கு இருக்குன்னு உங்களுக்கு எப்ப தெரியும்?”

“தக்காளி பிரிச்சப்ப.”

“அன்னிக்கி அவரு அடிச்சாரே இவன. நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?”

“நின்னேன்.”

அடுத்த தாளை இழுத்து வைத்து, “ரெண்டு” என்றாள். அதற்கடுத்தது ஆறு. இருபத்துநான்கையும் முடித்துவிட்டுத்தான் எழுந்து மீனிடம் போனாள். போகும்போது, “இது ஆபீசருக்குப் படிக்கிறதா, திருட்டுக்குப் படிக்கிறதா?” என்று மட்டும் கேட்டாள். அந்த மேசையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். சரியான கேள்வியைக் கேட்டது அவள் ஒருத்திதான்.

சோதனைக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. தினமும் காலையில் மூன்று முறை, மாலையில் மூன்று முறை ஒப்பித்தான். நான் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பக்க எண்ணைச் சொல்வேன், அவன் விடையைச் சொல்வான். பத்தாம் நாளுக்குப் பிறகு ஒரு தப்பும் இல்லை. மேலும் சரியாக இருக்கட்டும் என்று தடங்கலில்லாமல் சொல்லப் பழக்கினேன். ஒன்றிலிருந்து இருபத்துநான்குவரை ஐம்பது வினாடியில் சொன்னான். பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிய பிறகும் போனில் ஒப்பித்தான். கடைசி நாள் காலையில் போனை வைக்கும் முன், “வரிசைய மட்டும் விடாத” என்றேன்.

அன்று மாலை அழைப்பு வரவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து நின்றான். பையை இறக்கவில்லை.

“மொதப் பக்கத்தத் தொறக்கலை தாத்தா. நடுவுல பிரிச்சாரு.”

“எத்தனாவது பக்கம்?”

“எனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டேனா?”

பிறகு மகள் தேநீர் கொடுத்து உட்கார வைத்ததும் முழுவதும் சொன்னான். மருத்துவர் புத்தகத்தை நடுவில் பிரித்தார். இவனுக்கு வாயில் பன்னிரண்டுதான் வந்தது. மருத்துவர் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார், வேறொரு பக்கத்தைக் காட்டினார். இவன் எட்டு என்றான். இன்னொரு பக்கம். ஆறு. நிறுத்தியிருக்கலாம், தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். பத்தொன்பது நாள் நான் பழக்கிய நாக்கு நிற்கவில்லை. மருத்துவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, யார் சொல்லிக்கொடுத்தது என்று மலாயில் கேட்டார். இவன் பதில் சொல்லவில்லை.

மருத்துவர் திட்டவில்லையாம். அதுதான் இவனால் தாங்க முடியவில்லை. முதல் வருஷமே உள்ளதைச் சொல்லியிருந்தால், நிறம் பார்க்கத் தேவையில்லாத ஏதாவது ஒரு பிரிவுக்கு, பண்டகசாலைக்கோ கல்விப் பிரிவுக்கோ, விலக்குக் கேட்டு எழுதிப் பார்த்திருக்கலாம் என்றாராம். கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை, கேட்டுப் பார்த்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன் என்றாராம். இப்போது கண்ணைப் பற்றி மட்டும் எழுத முடியாது, நீ செய்ததையும் எழுத வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு இரண்டு வரி எழுதினார். இது தாயின் வழியாக மகனுக்கு வரும் குறை என்பதையும் சொல்லி அனுப்பியிருந்தார்.

“எனக்கு எல்லாக் கலரும் தெரியுது” என்றாள் மகள். “ஆனா குடுத்தது நானா?”

“நீ இல்ல, நான்” என்றேன்.

“நீங்க குடுத்தத நான் குடுத்திருக்கேன். தெரிஞ்சிருந்தா ஆறு வயசுல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருப்பேன்லப்பா. அவனும் வேற எதையாச்சும் ஆசைப்பட்டிருப்பான்.”

நான் எழுந்து தாளும் பேனாவும் தேடினேன்.

நான் கிராணி. என்னால் முடிந்தது மனு எழுதுவதுதான். அலுவலக மலாயில் எனக்கு இன்னும் கை தவறாது. நான்கு நகல் எழுதினேன். குற்றம் முழுவதும் என்னுடையது, குறையை மறைத்தவனும் நான், மனப்பாடம் செய்யச் சொன்னவனும் நான், பையன் பெரியவர் பேச்சைத் தட்டாதவன், அவனை மன்னித்து மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்று இரண்டு பக்கம். நான்காவது நகலைச் சுத்தமாக எடுத்து அவனிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தான்.

“நீங்க என்னா தாத்தா சொல்றீங்க இதுல? தாத்தா சொன்னாரு, அதனால செஞ்சேன். அதானே?”

“ஆமா. அதுதானே உண்மை?”

“தாத்தா சொன்னதுக்காகப் பொய் சொல்றவன்கிட்ட முப்பது சிப்பாய யாரு நம்பிக் குடுப்பா?”

மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தான். அவனே ஒரு கடிதம் எழுதினான். எனக்குக் காட்டவில்லை. மேசையில் கிடந்தபோது நான் பார்த்துவிட்டேன். மூன்று வரிகள். நிறக்குறை தனக்குப் பதினான்கு வயதிலிருந்தே தெரியும், மறைத்ததும் மனப்பாடம் செய்ததும் தன் சொந்த முடிவு, எந்தப் பிரிவிலாவது சேவை செய்ய வாய்ப்பிருந்தால் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் பெயர் எங்கும் இல்லை. அப்படி எழுதத் தெரிந்தவனைத்தான் அவர்கள் தேடிக்கொண்டிருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவனை அப்படி எழுதவிடாமல் பத்தொன்பது நாள் வேறு பாடம் ஒப்பிக்க வைத்தவன் நான்.

நாற்பத்தொரு நாள் கழித்துப் பதில் வந்தது. அதிலும் மூன்று வரிதான். வருந்துகிறோம் என்பது இரண்டாவது வரி. பயிற்சியிலிருந்து விடுவிக்கப்பட்டதாகவும், வழங்கப்பட்ட உடைமைகளை ஒப்படைக்க வேண்டும் என்றும் மூன்றாவது வரி.

மருமகன் வண்டியில் அவனும் நானும் மட்டும் போனோம். நான் வர வேண்டியதில்லை என்றான். பட்டியல் சரிபார்க்க ஆள் வேண்டும் என்று நானாகத்தான் ஏறி உட்கார்ந்தேன். பல்கலைக்கழகத்தில் பயிற்சிக் கட்டடத்தின் பின்னால் பண்டக அறை. உள்ளே ஒரு வயதான மலாய் சார்ஜன். முதல் வருஷத்திலிருந்து இவர்களை வெயிலில் ஓட்டியவர் அவர்தான் என்று வழியிலேயே சொல்லியிருந்தான். அவர் பட்டியலை வாசிக்க வாசிக்க இவன் ஒவ்வொன்றாக மேசையில் வைத்தான். சீருடை மூன்று, இடைவார் இரண்டு, தண்ணீர்க் குடுவை ஒன்று, மழைக்கோட்டு ஒன்று, முதுகுப்பை ஒன்று. எல்லாம் தோய்த்து, தேய்த்து, ஒரே அளவில் மடித்திருந்தது. பூட்சு இரண்டு ஜோடியிலும் சார்ஜனின் முகம் தெரிந்தது. மொத்தம் இருபத்தாறு. ஒன்றும் குறையவில்லை.

சார்ஜன் ஒரு பூட்சை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார்.

“அடுத்த மாதம் நான் உனக்கு சல்யூட் வைத்திருக்க வேண்டியது” என்றார் மலாயில்.

“ஆமாம் சார்ஜன்” என்றான் இவன்.

“எனக்கு இது கடைசி வருஷம். உங்கள் குழுவோடு முடிகிறது.”

“தெரியும் சார்ஜன்.”

அவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நகலைக் கிழித்துக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, ரொம்பத் தூரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள், பக்கத்தில் கேண்டீன் இருக்கிறது, ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார். நாங்கள் சாப்பிடவில்லை.

வெளியே திடலில் அவனோடு சேர்ந்தவர்கள் அணிவகுப்புக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வரிசைக்கு ஒன்பது பேர், நான்கு வரிசை. கடைசி வரிசையில் எட்டுப் பேர்தான் இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் குரல் கொடுக்க, அந்த வரிசையின் ஓரத்தில் நின்றவன் உள்ளே நகர்ந்து, எல்லாரும் தோளோடு தோள் சரிசெய்துகொண்டார்கள். இடைவெளி எங்கே இருந்தது என்றே பிறகு தெரியவில்லை. இவன் பார்த்தானா என்று எனக்குத் தெரியாது. வண்டியை எடுத்துவிட்டான்.

சிம்பாங் பூலாய் வந்து சேர்ந்தோம். மலைப்பாதை தொடங்கும் இடத்தில், என்னால் வாயை அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

“இனிமே என்னா செய்யப் போற?”

“இன்னும் ஒரு செமஸ்டர் இருக்கு. முடிப்பேன்.”

“அப்புறம்?”

அவன் ஒரு வளைவு, இரண்டு வளைவு, மூன்று வளைவு திருப்பினான். எதிரே வந்த காய்கறி லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டான்.

“தெரியல தாத்தா” என்றான்.

பிறகு குளிர் ஏறத் தொடங்கியதால் என் பக்கத்துக் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டான்.